வலிப்பு உள்ளவருக்குக் குரல் கேட்டால், உருவம் தெரிந்தால்: தோட்டப்புறக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

வலிப்புக்கு மாத்திரை சாப்பிடும் ஒருவர் திடீரென்று "அந்த மூலையில யாரோ நிக்கிறாங்க" என்று சொன்னால் வீட்டில் உடனே இரண்டு கட்சி உண்டாகிவிடும். பாட்டியும் பெரியம்மாவும் காத்துக் கருப்பு என்பார்கள். படித்த பிள்ளைகள் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயந்துபோய்க் கைப்பேசியில் தேடுவார்கள். அது எப்போது வந்தது என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. வலிப்புக்குக் கொஞ்சம் முன்பா, வலிப்பின்போதா, வலிப்பு வந்து இரண்டு நாள் கழித்தா, வலிப்புக்குச் சம்பந்தமே இல்லாமலா? டாக்டருக்கு வேண்டிய பதிலில் பாதி இந்த நேரக் கணக்கில் கிடைத்துவிடும். அந்தக் கணக்கை வைத்திருக்கக்கூடியவர்கள் கூட இருப்பவர்கள்தான்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வேறு தோட்டப்புற டவுனில் இருப்பவர்கள் ஆஸ்பத்திரிப் பெயர்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

இன்றே ஓட வேண்டிய நிலையா?

வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால், அல்லது ஒன்று முடிந்து நினைவு திரும்பும் முன்பே அடுத்தது வந்தால் 999-ஐக் கூப்பிடுங்கள். காய்ச்சலோடு வலிப்பும் உளறலும் சேர்ந்து வந்தால் மூளைக் காய்ச்சலாக இருக்கலாம். காலைவரை காத்திருக்கக் கூடாது. வாழ்க்கையில் முதல் வலிப்பு, கர்ப்பிணிக்கு வலிப்பு, தலையில் அடிபட்ட பிறகு வலிப்பு, எல்லாம் இந்தக் கணக்குதான். "என்னைச் சாகச் சொல்லுது", "அவன வெட்டச் சொல்லுது" என்று ஏவும் குரல் கேட்டால், வலிப்பு வந்தாலும் வராவிட்டாலும் அன்றே அவசரப் பிரிவு.

வலிப்பு வரும்போது ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்குக் கீழே துணி வையுங்கள், மணியைப் பாருங்கள். கையில் சாவி, வாயில் கரண்டி, மூக்கில் செருப்பு எதுவும் வேண்டாம். முழுதாக விழிக்கும்வரை தண்ணீரும் கொடுக்கக் கூடாது.

குடி விஷயத்தை மறைக்காமல் பேசிவிடுவோம். தினமும் சம்சு என்ற மலிவுச் சாராயம் குடித்தவர் கையில் காசு இல்லாமலோ, விரதம் என்றோ, மனைவி அழுதாள் என்றோ ஒரேயடியாக நிறுத்தினால், கடைசிக் குடியிலிருந்து ஆறு மணி நேரம் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாள்வரை இன்னொரு ஆபத்து இருக்கிறது. கை நடுங்கும், வியர்க்கும், சுவரில் பூச்சி ஊர்வது தெரியும், இல்லாத ஆளோடு சண்டை போடுவார். இதை "குடிகாரன் உளறுறான்" என்று அறையில் போட்டுப் பூட்டினால் உயிரே போகலாம். ஆஸ்பத்திரியில் இதற்கு நல்ல மருத்துவம் இருக்கிறது. குடியை நிறுத்துவதும் நல்லதுதான், ஆனால் அளவு மீறிக் குடித்தவர் டாக்டர் துணையோடு நிறுத்த வேண்டும். டாக்டர் "குடிப்பாரா?" என்று கேட்டால் மானத்தைப் பார்க்காமல் உண்மையைச் சொல்லுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம்

அவசரம் எதுவும் இல்லையென்றால் அடுத்த வேலை எழுதுவது. பள்ளிக்கூட நோட்டே போதும். தேதி, மணி, வலிப்பு வந்ததா, எத்தனை நிமிடம், முந்தின இரவு தூக்கம் எப்படி, மாத்திரை எதுவும் விட்டுப்போனதா. அதன் கீழே அவர் கண்டது, கேட்டது, முகர்ந்தது எல்லாவற்றையும் அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். "பேய் பிடித்தது" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. "இடது பக்கம் சிவப்பு வட்டம் சுத்துதுன்னு சொன்னான், அரை நிமிசம், அப்புறம் ஒண்ணுமில்ல" என்று எழுதினால் அது டாக்டருக்குத் தங்கம். கூடவே இன்னொருவர் இருந்தால் கைப்பேசியில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். டாக்டரின் அறையில் வலிப்பு வந்து காட்டப்போவதில்லை. சொந்தக்காரர்களின் வாட்சாப் குழுவுக்கு மட்டும் அந்த வீடியோ போகக் கூடாது.

நேரத்தை வைத்துப் பிரிப்பது

சில நொடி முதல் இரண்டு நிமிடம்வரை வந்து, ஒவ்வொரு தடவையும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தால், அந்தத் தோற்றமே வலிப்பாக இருக்கக்கூடும். கை கால் வெட்டினால்தான் வலிப்பு என்று நாம் பழகிவிட்டோம். மூளையின் ஒரு சிறு பகுதியில் மட்டும் மின்னோட்டம் தாறுமாறானால், ஆள் நின்றபடியே இருப்பார், நினைவும் இருக்கும், அந்தப் பகுதியின் வேலை மட்டும் கெட்டுப்போகும். பின்மண்டைப் பகுதியாக இருந்தால் வண்ண வட்டங்களும் மின்னும் வெளிச்சமும் தெரியும். காதுக்கு அருகே இருக்கும் பொட்டுப் பகுதியாக இருந்தால் வகை வகையாக வரும்: எங்கும் இல்லாத கருகல் வாடை, வயிற்றிலிருந்து ஏதோ நெஞ்சுக்கு ஏறுவது, காரணமே இல்லாத பெரும் பயம், "இதெல்லாம் முன்னாடியே நடந்திருக்கே" என்ற உணர்வு, பாட்டு, குரல். கனடாவின் மொன்றியால் நகரில் வைல்டர் பென்ஃபீல்டு என்ற அறுவை மருத்துவர், நினைவோடு இருந்த நோயாளிகளின் மூளையில் இந்தப் பகுதியை லேசான மின்சாரத்தால் தொட்டபோது சிலருக்குப் பாட்டும் பழைய குரல்களும் கேட்டன. வெளியிலிருந்து யாரும் வந்து பாட வேண்டியதில்லை. இப்படிப்பட்டவருக்குத் தேவை வலிப்பு மாத்திரையைச் சரிப்படுத்துவது. வாடை வந்து சிறிது நேரத்தில் பெரிய வலிப்பு வருகிறதென்றால், அந்த வாடை உட்காரச் சொல்லும் எச்சரிக்கை. அடுப்படியில் இருந்தால் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்காரலாம்.

வலிப்பு முடிந்து சில நிமிடங்களோ சில மணி நேரமோ குழம்பிப்போய், ஆளைத் தெரியாமல், தள்ளிவிட்டு எழுந்து நடப்பது வேறு. இது களைத்துப்போன மூளை மெல்லத் தெளிவது. இறுக்கிப் பிடித்தால் திமிறுவார். வழியில் கூர்மையானது எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டு கூடவே நடந்தால் போதும்.

குடும்பங்களை அதிகம் ஏமாற்றுவது அடுத்த வகை. ஒரே நாளில் மூன்று நான்கு வலிப்பு வந்திருக்கும். அப்புறம் ஆள் தெளிந்து, சாப்பிட்டு, டிவி பார்த்து, ஒன்றிரண்டு நாள் நன்றாக இருப்பார். ஆபத்து தாண்டிவிட்டது என்று எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள். அப்போதுதான் தூக்கம் போகும், பேச்சு வேகமாகும், "சாமி என்னைத்தான் தேர்ந்தெடுத்திருக்கு", "பக்கத்து வீட்டுக்காரன் சாப்பாட்டுல மருந்து வைக்கிறான்" என்று ஆரம்பிக்கும். வலிப்புக்கும் இதற்கும் நடுவில் நல்ல நாள் இருந்ததால் இரண்டையும் யாரும் முடிச்சுப் போடுவதில்லை. இதை வலிப்புக்குப் பிந்திய மனப்பிறழ்வு என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். கடைசி வலிப்பிலிருந்து ஒரு வாரத்துக்குள் தொடங்கும், சில நாள் முதல் சில வாரம்வரை நீடிக்கும், மருந்து கொடுத்தால் பெரும்பாலும் முழுதாகத் தெளியும். ஆனால் அந்த நாட்களில் தன்னையோ மற்றவரையோ காயப்படுத்தும் ஆபத்து உண்டு. ஆகவே அடுக்கடுக்காக வலிப்பு வந்த பிறகு ஒரு வாரம் ஆள் துணை வேண்டும். முதல் அறிகுறி தூக்கமில்லாத இரவு. அடுத்த நாள் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். ஒரு தடவை வந்தவருக்கு மறுபடி வரலாம் என்பதால், அடுக்கு வலிப்பு வந்தால் வீட்டில் உடனே என்ன மாத்திரை கொடுப்பது என்று டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி வைப்பது நல்லது.

இதற்கு நேர்மாறாகவும் சிலருக்கு நடக்கும். புது மாத்திரையால் வலிப்பு அடியோடு நின்றுவிடும், வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், அந்த நேரம் பார்த்து மனம் கலங்கும். லாண்டோல்ட் என்ற மருத்துவர் 1953-இல் இதை எழுதி வைத்தார். அரிதுதான். ஆனாலும் "வலிப்பு நின்ன பிறகுதான் இப்படி" என்று நோட்டில் இருந்தால் டாக்டர் மருந்தை வேறு கண்ணோடு பார்ப்பார்.

கடைசியாக, வலிப்பு வருகிற நாள் வராத நாள் என்ற கணக்கே இல்லாமல் வாரக்கணக்கில் குரல் கேட்பது. பல வருடம் வலிப்பு இருந்தவர்களுக்கு இது வரக்கூடும். வலிப்பு நோயாளிகளில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு வாழ்க்கையில் ஏதோ ஒரு கட்டத்தில் மனப்பிறழ்வு வருகிறது. மற்றவர்களைவிட இது பல மடங்கு அதிகம். அதே சமயம் தொண்ணூறுக்கு மேற்பட்டவர்களுக்கு வருவதே இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். இதற்கு மனநல மருத்துவர் நீண்ட நாள் பார்க்க வேண்டும்.

தூக்கம் பிடிக்கிற நேரத்தில் பேர் சொல்லிக் கூப்பிடுவது கேட்பதும், சமீபத்தில் இறந்துபோன அம்மாவின் குரல் கேட்பதும் நோயே இல்லாதவருக்கும் உண்டு. அதற்காக அலைய வேண்டாம். பார்வை மங்கிய வயதானவருக்குச் சின்னச் சின்ன உருவங்கள் தெரிந்தால் முதலில் கண் டாக்டர்.

மாத்திரைப் பையும் இனிப்பு நீரும்

குரல் கேட்டது என்று வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வந்து ஐசியூவில் போய் முடியலாம். ஆனால் மாத்திரையைச் சந்தேகப்படுவது நியாயம்தான். கெப்ரா என்று நாம் சொல்லும் லெவெட்டிராசெட்டம் சிலருக்கு எரிச்சல், கோபம், அழுகையைக் கொடுக்கும். குறைந்த பேருக்குக் குரலும் சந்தேகமும்கூட வரும். டோபிராமேட்டும் இந்த வேலையைச் செய்யலாம். மாத்திரை தொடங்கிய தேதியும் அளவு கூட்டிய தேதியும் நோட்டில் இருந்தால், சாந்தமான பிள்ளை எந்த வாரத்திலிருந்து தட்டை வீசத் தொடங்கினான் என்பது தானாகத் தெரியும். மாற்று மருந்துகள் இருக்கின்றன. அளவை மெல்லக் குறைத்து மாற்றுவது டாக்டரின் வேலை.

எல்லா மாத்திரையையும் அட்டையோடு ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்கள், தனியார் கிளினிக்கில் வாங்கிய வலி மாத்திரையும் சேர்த்து. டிராமடோல் என்ற வலி மாத்திரை வலிப்பைத் தூண்டக்கூடியது. டெக்ரட்டோல் என்ற வலிப்பு மாத்திரை, மனநல மாத்திரைகள் பலவற்றின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும். மூளை டாக்டர் கொடுப்பது மனநல டாக்டருக்கும், அவர் கொடுப்பது இவருக்கும் தெரிய வேண்டும். "மனநல மாத்திரை போட்டால் வலிப்பு கூடுமே" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. குளோசபின், குளோர்ப்ரோமசின் போன்ற சிலவற்றில் அந்தக் கவலை நியாயமானது. மற்றவற்றில் பலவற்றை வலிப்பு உள்ளவருக்குப் பாதுகாப்பாகவே கொடுக்கிறார்கள்.

இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, நம் மக்களிடம்தான் அதிகம் என்று நாட்டின் சுகாதாரக் கணக்கெடுப்புகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. பலருக்குத் தெரியாதது, சர்க்கரை மிக அதிகமானால் பின்மண்டையில் சிறு வலிப்புகள் வந்து வண்ண வெளிச்சமும் உருவங்களும் தெரியலாம் என்பது. சர்க்கரை மிகவும் குறைந்தாலும் உளறலும் வலிப்பும் வரும். ஐம்பது அறுபது வயதில் முதல் தடவையாக இப்படி ஆனால் விரலைக் குத்திச் சர்க்கரை பார்ப்பதுதான் முதல் பரிசோதனை. இரண்டு நிமிட வேலை.

இளம் பெண்ணுக்குச் சில வாரங்களுக்குள் வலிப்பு, விசித்திரமான நடத்தை, பேச்சுக் குறைவது, முகமும் கையும் தானாக அசைவது எல்லாம் சேர்ந்து வந்தால், உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் அழற்சியாக இருக்கலாம். 2007-இல்தான் இது தெளிவாக அடையாளம் காணப்பட்டது. சீக்கிரம் கண்டுபிடித்தால் குணப்படுத்தும் வாய்ப்பு அதிகம். பரிகாரத்துக்கு ஊர் ஊராகச் சுற்றும் ஒவ்வொரு வாரமும் இங்கே நஷ்டம்.

அந்த நேரத்தில் அவரிடம் பேசுவது

"அங்க யாரும் இல்ல, பைத்தியமா உனக்கு?" என்று கேட்டால் அவர் அடுத்த தடவை சொல்ல மாட்டார். "ஆமா, எனக்கும் தெரியுது" என்று ஒத்து ஊதினாலும் பயம் கூடும். "எனக்குத் தெரியலப்பா, உனக்குப் பயமா இருக்குன்னு புரியுது, நான் இங்கதான் உட்கார்ந்திருக்கேன்" என்பது போதும். டிவியை நிறுத்துங்கள், கூட்டத்தைக் கலைத்துவிடுங்கள், வெளிச்சம் போடுங்கள். பேசுகிறவர் ஒருவர்தான் இருக்க வேண்டும். ரப்பர் பால் வெட்டும் கத்தியும் செம்பனை அரிவாளும் கண்ணில் படாத இடத்துக்குப் போகட்டும். குரல் என்ன சொல்கிறது என்று கேட்கத் தயங்காதீர்கள். அது ஏவுகிறதா என்று தெரிந்தாக வேண்டும்.

எங்கே போவது, என்ன சொல்வது

அவசரமில்லை என்றால் அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானில் தொடங்குங்கள். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்). அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியின் நிபுணர் பிரிவுக்குப் போகலாம். அங்கே 5 வெள்ளி. மூளையின் மின்னோட்டத்தைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. எடுப்பார்கள், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். இ.இ.ஜி. சரியாக இருந்தாலே வலிப்பு இல்லை என்று அர்த்தமில்லை. அது எடுத்த அரைமணி நேரத்தில் மூளை அமைதியாக இருந்தது, அவ்வளவுதான்.

டாக்டரிடம் மலாயில் சொல்லத் தடுமாறுகிறவர்கள் இதை எழுதிக்கொண்டு போகலாம். "டியா அடா சாவான்" என்றால் இவருக்கு வலிப்பு இருக்கிறது. "டியா நம்பாக் பெண்டா யாங் ஓராங் லாயின் தாக் நம்பாக்" என்றால் மற்றவருக்குத் தெரியாதது இவருக்குத் தெரிகிறது. "டியா டெங்கார் சுவாரா, தாப்பி தாக் அடா ஓராங்" என்றால் ஆள் இல்லாமல் குரல் கேட்கிறது. "லெப்பாஸ் சாவான், டுவா ஹாரி பாரு ஜாடி" என்றால் வலிப்பு வந்து இரண்டு நாள் கழித்துத்தான் இப்படி ஆனது. இந்தக் கடைசி வாக்கியத்தை உங்கள் நோட்டுக்குத் தகுந்தபடி மாற்றிச் சொல்லுங்கள். நான்கிலும் முக்கியமானது அதுதான்.

சில நேரம் டாக்டர், வருவது மின்னோட்டத்தால் வரும் வலிப்பு இல்லை, மன அழுத்தத்தால் உடம்பு தானாக வெட்டுகிறது என்பார். இதைக் கேட்டதும் "அப்ப நடிக்கிறாளா?" என்று பாய வேண்டாம். நடிப்பு இல்லை, அவருக்கே தெரியாமல் வருவது. மருத்துவம் வேறு, மாத்திரையைவிடப் பேச்சுச் சிகிச்சை இதற்கு உதவும்.

தஞ்சோங் ரம்புத்தான் என்ற பேரைக் கேட்டாலே பேராக்கில் பாதிப் பேருக்கு முகம் மாறிவிடும். 1911-இல் திறந்த மனநல ஆஸ்பத்திரி அங்கே இருப்பதால் ஊர்ப் பேரே திட்டாகிவிட்டது. கடிதத்தில் அதன் பேரான உலு கிந்தா பஹாகியா ஆஸ்பத்திரி என்று போட்டிருந்தால் கிழித்துப் போடாதீர்கள். காலையில் போய் டாக்டரைப் பார்த்து, மாத்திரை வாங்கிக்கொண்டு மாலைக்குள் வீடு திரும்புகிறவர்கள் நிறைய. அக்கம்பக்கம் கேட்டால் ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போனோம் என்று சொல்லுங்கள், இதில் பாவமில்லை.

முனியாண்டி கோயில்

கோயிலுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். திருநீறும் நாலு நல்ல வார்த்தையும் பயத்தைக் குறைத்தால் அது நல்லதுதான். இரண்டு நிபந்தனை மட்டும். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் பூசாரியோ பொமோ என்ற மலாய் மந்திரவாதியோ வேண்டாம். அடிப்பது, மிளகாய்ப் புகை போடுவது, இரவெல்லாம் விழிக்க வைப்பது வேண்டாம்; தூக்கம் கெட்டால் வலிப்பு கூடலாம். தைப்பூசத்துக்கு விரதம் இருக்க ஆசைப்பட்டால் டாக்டரிடம் முன்பே சொல்லி மாத்திரை நேரத்தைச் சரிசெய்துகொள்ளலாம். காவடி எடுக்கும் அன்றும் மாத்திரை உண்டு. தூங்காமல் நடைப்பயணம் போவது மட்டும் வேண்டாம்.

சத்தம் போடாத நோய்

குரல் கேட்கிறவரை எல்லோரும் கவனிப்பார்கள். சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவரைச் சோம்பேறி என்பார்கள். வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வு இருக்கிறது, தற்கொலை அபாயமும் மற்றவர்களைவிட அதிகம். வலிப்பு நோயாளிகளின் மனச்சோர்வைக் கண்டுபிடிக்கவே ஆறு கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று 2006-லிருந்து இருக்கிறது. டாக்டர் கேட்காவிட்டால் நீங்களே பேச்சை எடுங்கள். "செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. கேட்ட பிறகுதான் பலர் வாயைத் திறக்கிறார்கள்.

களைக்கொல்லியைப் பூட்டி வையுங்கள். பராகுவாட் 2020 முதல் நாட்டில் தடை. பழைய போத்தல் எங்காவது பின்கட்டில் கிடந்தால் இன்றே விவசாய இலாகாவில் கேட்டு ஒழித்துவிடுங்கள். மாத்திரையை ஒரு வாரத்துக்கு மட்டும் அவர் கையில் கொடுத்து மீதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் 15555 இருக்கிறது, பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 இருபத்து நான்கு மணி நேரமும் இருக்கிறது. தற்கொலைக்கு முயன்றால் போலீஸ் வழக்கு என்று பயந்து ஆஸ்பத்திரிக்குத் தாமதிக்க வேண்டாம். 2023-இல் அந்தச் சட்டப் பிரிவை எடுத்துவிட்டார்கள்.

வேலையும் மோட்டாரும்

டாக்டர் சரி என்று சொல்லும்வரை மோட்டார் சைக்கிள் ஓட்டக் கூடாது. பஸ் இல்லாத தோட்டத்தில் இது பெரிய தண்டனைதான், தெரியும். ஆனாலும் பின்னால் உட்கார்ந்து போகட்டும். செம்பனைக் குலை வெட்டுவதும் குளத்தங்கரையில் தனியாகத் தூண்டில் போடுவதும் வேண்டாம். குளிக்கும்போது கதவைத் தாழிடாமல் சாத்திக்கொள்ளச் சொல்லுங்கள். தொழிற்சாலையில் நைட் ஷிஃப்ட் போட்டிருந்தால் தூக்கத்தின் காரணத்தைக் காட்டி டாக்டரிடம் கடிதம் வாங்கிப் பகல் வேலை கேட்கலாம். வேலையே செய்ய முடியாத நிலை என்றால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோ அலுவலகத்தில் இயலாமை ஓய்வூதியம் பற்றி விசாரியுங்கள். அங்கேயும் முதலில் கேட்பது மருத்துவ அறிக்கையையும் தேதிகளையும்தான். நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.